திரும்பி வர மேளம் இல்லை

ஹட்டன்
24.02.2025

அன்புள்ள லோஜினிக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நான் விசாரிக்க விரும்புகிற நலம் ஒன்றே ஒன்று: ஐயா எப்படி இருக்கிறார்?

போன வியாழனும் அதற்கு முந்தின வியாழனும் கிளினிக்குக்கு நீங்கள் வரவில்லை. உங்கள் போனுக்கு எடுத்து எடுத்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் புள்ளக் காம்பரா விலாசத்துக்கு எழுதுகிறேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் எப்படியும் வருவீர்கள் என்ற நம்பிக்கை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாரிசவாதம் வந்து வலது காலும் பேச்சும் விழுந்துபோய், சக்கர நாற்காலியில் எங்களிடம் வந்தவர் ஐயா. இசைச் சிகிச்சை என்று நான் சொன்னபோது, "பாட்டுப் படிச்சா காலு வந்துருமா மிஸ்?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னேன். நட என்று மூளை காலுக்குச் சொல்லுகிற வழி அடைபட்டுப் போனாலும், காதால் போகிற தாளம் வேறு வழியாகக் காலைப் போய்ச் சேரும். தாளம் விழுகிற இடத்தில் கால் விழும். முதலில் தம்பூரா வைத்துப் பார்த்தேன். பிறகு மிருதங்கம். இரண்டுக்கும் ஐயா மசியவில்லை. அன்றைக்கு உங்கள் தோட்டத்துத் தப்பு மேளத்தின் பதிவைப் போட்டேன். நீங்கள் மருந்து எடுக்க வரிசையில் நின்ற நேரம், ஐயா எழுந்தார். வார்டு நடைபாதையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார், லோஜினி. நானும் பிசியோவும் பக்கத்தில் போனோமே தவிர, பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உங்கள் ராக்காயி அத்தை சாப்பாட்டுப் பார்சலோடு வாசலில் வந்து நின்றார். பார்சலைக் கீழே போட்டார், சத்தம் போட்டார். ஓடி வந்த நீங்களும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஐயாவை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள். தாதிமார் இரண்டு பேரும் சிங்களப் பிள்ளைகள். நானோ யாழ்ப்பாணத்தாள். எங்களில் ஒருத்திக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

கோபம் என்றால் என்ன கோபம் என்றாவது எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரா


மேல் டிவிசன், றொசல்ல
03.03.2025

மதுரா மிஸ்,

உங்கள் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, வேலை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயாவின் மேசையில் கிடந்து, ஒருவழியாக என் கைக்கு வந்தது. போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு ஒரே காம்பரா. போனில் பேசினால் நான் கத்துவேன். கத்தினால் அப்பாவுக்குக் கேட்கும். அவருக்கு வாய்தான் போனது, காதும் புத்தியும் உங்களுக்கும் எனக்கும் இருப்பதைவிடத் தெளிவு. எழுதினால் கத்துவது யாருக்கும் கேட்காது.

என்ன கோபம் என்று கேட்டீங்களே. நீங்க என் அப்பாவை எழவுத் தப்புக்கு நடக்க வைத்தீங்க, மிஸ்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பிரேதத்தை லயத்து வீட்டைவிட்டுத் தூக்கினால், மயானத்துக்குத் திரும்புகிற முடக்கு வரைக்கும் முன்னால் அடித்துக்கொண்டு போகிற அடி அது. மெதுவாக இருக்கும், ஏனென்றால் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மேட்டில் மெதுவாகத்தான் நடக்க முடியும். அந்த அடியைக் கேட்டால் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிற பொம்பளைகள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாங்க. அத்தை ஆசுபத்திரி வாசலில் நின்று பார்த்த காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. கூடப் பிறந்த தம்பி எழவுத் தப்புக்குக் காலெடுத்து வைத்து வருகிறார். கண்ணில் தண்ணி ஓடுகிறது. பக்கத்தில் ஒரு மிஸ், "நல்லா வருது ஐயா, நல்லா வருது" என்று கை தட்டுகிறாங்க. அத்தை பார்சலைப் போடாமல் வேறு என்ன செய்வாங்க?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர்தான் அப்பா. எழும்பவே மாட்டேன் என்கிறார். கக்கூசுக்குப் போகவும் நானும் அத்தையும் தூக்க வேண்டியிருக்கிறது. அத்தை முனியாண்டிக்குக் கோழி அறுத்தாச்சு, திருஷ்டி சுற்றியாச்சு. லயத்து ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறாங்க. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியாக ஒரு தடவை பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க.

போன மாதம் நடக்கப் போகிறார் என்றிருந்த மனிதர், மிஸ். வாசல் வரைக்கும் அவர் தானாக வந்து நின்றால் போதும் என்றுதான் நான் சாமி கும்பிட்டேன். இப்போது அதுவும் போச்சு.

இனி எழுத வேண்டாம்.

லோஜினி


ஹட்டன்
09.03.2025

அன்புள்ள லோஜினிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கட ஊரில் பறைச் சத்தம் கேட்டால் செத்தவீடு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே வந்த புதிதில் காமன் கூத்துக்குத் தப்படித்து விடிய விடிய ஆடினதைப் பார்த்தேன். மாரியம்மன் திருவிழாவிலும் அதே தப்பு. அட, இங்கே தப்பு என்றால் சந்தோசம் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆள் உங்கள் பக்கம் வந்து செய்யக்கூடிய பிழை இதுதான் போலிருக்கிறது. எல்லாத் தப்பையும் செத்தவீடு என்று நினைத்திருந்தால்கூட இந்த வினை வந்திராது.

உங்கள் லயத்து அழகுமுத்துவிடம் போய், தெரிந்த அடி எல்லாவற்றையும் அடிக்கச் சொல்லிப் போனில் பதிந்தேன். ஐயாவின் காலுக்கு மெதுவான தாளம் வேண்டும். ஒவ்வொன்றின் வேகத்தையும் அளந்து பார்த்தேன். ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. அது எதற்கு அடிக்கிற அடி என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வருடம் இசை படித்தவள், தாளம்தானே என்று நினைத்துவிட்டேன்.

பதிவை அழித்துவிட்டேன். என் பேராசிரியருக்கு இதெல்லாம் தெரியாது. ஐயா நடந்த தூரத்தைப் பார்த்துவிட்டு, என் ஆய்விலேயே மிகச் சிறந்த முடிவு இதுதான் என்று பாராட்டி எழுதியிருக்கிறார். அதை வாசிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி வரப்போவதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நிலைமை அதுதான். ஐயா இப்படியே படுத்துக் கிடந்தால் குதிகால் தசைநார் இறுகிவிடும். இறுகிவிட்டால் பாதம் தரையில் பதியாது. பிறகு எந்தத் தாளத்துக்கும் அவர் நடக்க மாட்டார். எங்களிடம் வர வேண்டாம். வீட்டிலேயே காலையும் மாலையும் அந்தப் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கி விடுங்கள். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, நீங்கள் கை தட்ட, அந்தத் தட்டுக்குக் காலைத் தூக்கச் சொல்லுங்கள். சாமிப் பாட்டு, பிள்ளைகளின் பாட்டு, எது அவருக்குப் பிடிக்குமோ அது.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. அன்றைக்கு அவர் கண்ணீரை நான் சந்தோசக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் அத்தை பயம் என்று எடுத்துக்கொண்டார். எது என்று தெரியவில்லை.

மதுரா


மேல் டிவிசன், றொசல்ல
19.03.2025

மதுரா மிஸ்,

பாதத்தை மடக்கி விடுகிறேன். அதை மட்டும் அப்பா தடுப்பதில்லை. உங்கள் மேல் இருக்கிற கோபம் பாதிதான் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கை தட்டிப் பார்த்தேன். புள்ளக் காம்பராவில் நான் கை தட்டினால் அத்தனை வாண்டுகளும் எழும்பி ஆடும், மூக்கு ஒழுகுகிறதுகூட நின்றுவிடும். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். போனில் முருகன் பாட்டுப் போட்டேன், பழைய படப் பாட்டுப் போட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அழகுமுத்து மாமா வந்தார், வெற்றிலை பாக்கோடு. அத்தை வாசலை மறித்துக்கொண்டு, "வந்துட்டான் பாரு, குழிக்கு அளவெடுக்க வந்தியாடா?" என்று ஆரம்பித்தாங்க.

"அந்த மிஸ்ஸு எல்லா அடியும் வேணும்னாங்கக்கா. ஆராய்ச்சின்னாங்க. எங்கயோ பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வைக்கப்போறாங்கன்னு நெனச்சு அடிச்சேன். செல்லசாமி அண்ணனுக்குப் போட்டுக் காட்டுவாங்கன்னு நான் கனவா கண்டேன்?" என்று அவர் கையைப் பிசைந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் சிரித்து எத்தனை நாளாச்சு.

பிறகுதான் அது நடந்தது. அழகுமுத்து மாமா கட்டிலில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கண்ணே" என்றார். அப்பா திரும்பினார். இடது கையால் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கட்டில் பலகையில் அந்தக் கையை அடித்தார். ஒரு தடவை. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை. நாங்கள் முழித்துக்கொண்டு நின்றோம். மாமாவின் விரல் பழக்க தோசத்தில் அதைப் பிடித்துக்கொண்டது. நாலு தட்டுத்தான். எழவுத் தப்பு, மிஸ். அத்தை அகப்பையால் மாமாவின் தோளில் போட்டாங்க ஒன்று. மாமா கையை எடுத்துவிட்டார். அப்பா விடவில்லை. திரும்பவும் அந்தக் கையைப் பலகையில் அடிக்கிறார், அழுகிறார், அடிக்கிறார்.

"தனக்குத்தானே கேக்குறான்டி, போறதுக்குக் கேக்குறான்!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடிட்டாங்க.

எனக்கு அம்மா இல்லை. கூடப் பிறந்தது யாரும் இல்லை. அப்பா மட்டும்தான். நீங்க இவ்வளவு படித்திருக்கீங்களே, சாகணும் என்று கேட்கிற ஆளை உங்கள் வார்டில் என்ன செய்வீங்க? எனக்குப் பயமாக இருக்கிறது, மிஸ்.

லோஜினி


ஹட்டன்
24.03.2025

அன்புள்ள லோஜினிக்கு,

ஐயாவைத் தனியே விடாதீர்கள். உங்கள் கடிதத்தை வார்டு டொக்டரிடம் காட்டினேன். வேண்டுமென்றால் அவரே தோட்டத்துக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஒரு வார்த்தை எழுதுங்கள், அல்லது போன் எடுங்கள். கத்தினாலும் பரவாயில்லை.

ஆனால் அவர் சாகத்தான் கேட்கிறார் என்று உங்களுக்கு யார் சொன்னது? அத்தை சொன்னார். நானும் முன்னொரு தடவை ஐயாவைக் கேட்காமல் நானாகவே ஒரு முடிவுக்கு வந்தவள்தான். அதன் பலனை நீங்கள்தான் அனுபவிக்கிறீர்கள்.

பேச முடியாதவர்களிடம் வார்டில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்போம். ஒரு தடவை அழுத்தினால் ஆம். இரண்டு தடவை அழுத்தினால் இல்லை. கேள்வி சின்னதாக இருக்கவேண்டும். ஒரு நேரம் ஒரு கேள்வி. பதிலுக்கு அவசரப்படுத்தக் கூடாது. சாகப் போகிறீர்களா என்று கேட்காதீர்கள். அந்த மேளம் யாருக்கு என்று கேளுங்கள்.

மதுரா


மேல் டிவிசன், றொசல்ல
01.04.2025

அன்புள்ள மதுரா மிஸ்,

கேட்டேன்.

கடிதம் வந்தும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. நேற்று மழை. பிள்ளைகளும் குறைவு, சீக்கிரம் வந்துவிட்டேன். அத்தை மூலையில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாங்க. அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை அழுத்தினால் இன்னது, ரெண்டு தடவை அழுத்தினால் இன்னது என்று சொன்னேன். "அந்தத் தப்பு உங்களுக்காப்பா?" என்றேன். ரெண்டு தடவை அழுத்தினார். அதோடு விட்டாரா, என்னை ஒரு முறை முறைத்தார் பாருங்க! தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் அவருடைய கத்தியை யாராவது தொட்டால் முறைப்பாரே, அதே முறைப்பு. அப்பாதான் இது, எங்கேயும் போகவில்லை என்று எனக்கு உயிர் வந்தது.

"வேற யாருக்குப்பா? தாத்தாவுக்கா?" ரெண்டு. "பெரியப்பாவுக்கா?" ரெண்டு. அத்தை கிழங்கை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாங்க. "அம்மாவுக்கா?" என்றேன்.

அழுத்தினார். பிறகு கையை விடவே இல்லை.

உங்களுக்கு இதைச் சொன்னதில்லை. நாங்கள் யாருக்குமே சொல்வதில்லை. எங்கள் அம்மா மீனம்மா கொரோனாவில் போனாங்க. 2021இல், ஆவணி மாதம். மூச்சு விட முடியவில்லை என்று அம்புலன்ஸில் ஏற்றினோம். கையைக் காட்டிக்கொண்டு போனாங்க. எங்கள் காம்பராக் கதவில் தாள் ஒட்டிவிட்டாங்க, வெளியே வரக்கூடாது என்று. நாலாம் நாள் சுகாதாரப் பரிசோதகர், பீஎச்ஐ ஐயா, போன் எடுத்துச் சொன்னார். எந்த ஊரில் எரித்தாங்க என்றுகூட அன்றைக்குத் தெரியாது. முகம் பார்க்கவில்லை. சாம்பலும் வரவில்லை. இந்தத் தோட்டத்தில் எவ்வளவு இல்லாதவனும் தப்பு இல்லாமல் போனது கிடையாது, மிஸ். கடன்காரனும் போவான், குடிகாரனும் போவான், தப்போடுதான் போவான். எங்கள் அம்மா சத்தமே இல்லாமல் போனாங்க. தாளைக் கிழித்த மறுநாள் அப்பா காலைப் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்தார். அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

உங்கள் வார்டில் அன்றைக்கு அப்பா நடந்தது அம்மாவுக்குப் பின்னால், மிஸ். பாதியில் நாங்கள் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம்.

நான் அழுதேன். நன்றாக அழுதேன். இத்தனை நாளும் அப்பா போய்விடுவார் என்று பயந்துகொண்டிருந்தேனே தவிர, அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை கேட்கவில்லையே.

இப்போது கேட்டாச்சு. "அம்மாவுக்குத் தப்படிச்சுப் போகணுமாப்பா?" ஒரு அழுத்து, கை நொந்துபோகும்படி. ஆனால் அத்தை சம்மதிக்கவில்லை. பிரேதம் இல்லாமல் எழவுத் தப்பு அடித்தால் அது வேறு ஒரு ஆளைத் தேடிக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்கிறாங்க. லயத்திலும் அதே பேச்சு. வருசப்பிறப்பு முடிந்து ரெண்டு வாரத்தில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவாங்க. கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எழவுத் தப்பை யாரும் தொட மாட்டாங்க. அதற்குள் அப்பாவின் பாதம் இறுகிவிடும் என்று நீங்கதான் எழுதினீங்க.

செய்யலாமா மிஸ்? நீங்க சொல்லுங்க.

லோஜினி


ஹட்டன்
06.04.2025

அன்புள்ள லோஜினிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நான் அழுததைப் பார்த்து அறைத்தோழி தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

செய்யலாமா என்று சொல்ல நான் ஆளில்லை. தவறிப் போய் ஒருநாள் அந்தக் கதவைத் தட்டினவள், அவ்வளவுதான். அத்தை சொல்வதைக் கேட்டும் நான் சிரிக்க மாட்டேன். தாளம் வெறும் தாளம்தான் என்று நினைத்துப் பட்டது போதும். ஐயா ஆம் என்கிறார். உங்கள் மனது என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

செய்வதென்றால் சில விசயங்களில் நான் கண்டிப்பு. முடக்கு வரைக்கும்தான் தப்பு என்று எழுதியிருந்தீர்கள், அதனால் முடக்கோடு நில்லுங்கள். ஐயாவின் இடது கையில் தடி. வலது பக்கம் நீங்கள், அரை அடி பின்னால். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், சரிந்தால் தாங்குவதற்கு மட்டும். செருப்பு வேண்டாம், நாடா கட்டின சப்பாத்து. கல் பெயர்ந்த இடம் இருந்தால் முதல் நாளே சரிபண்ணுங்கள். முகம் வெளிறினால் நிறுத்துங்கள், தப்பு பாதியில் நின்றாலும் பரவாயில்லை. அழகுமுத்து வேகத்தைக் கூட்டக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

நானும் வருகிறேன், நீங்கள் விட்டால். ஒரு ஓரமாக நிற்பேன். படம் எடுக்க மாட்டேன். பேராசிரியரிடம் ஐயாவின் கணக்கை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மனிதர் பதறிப்போனார். ஐயா என் தாளத்துக்கு நடக்கவில்லை, மனைவிக்குப் பின்னால் நடந்தார், அதை நான் மீட்டர் கணக்கில் எழுதினால் பொய்யாகிவிடும் என்றேன். பதில் இன்னும் வரவில்லை. எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்புடன்,
மதுரா


மேல் டிவிசன், றொசல்ல
27.04.2025

அன்புள்ள மதுரா மிஸ்,

ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை மூடினால் நீங்க என்ன செய்வீங்க. பஸ்ஸிலேயே மாலை வரை உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டு எங்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. வராததால் எழுதுகிறேன், முழுவதையும்.

வருசப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு, காலை பத்து மணி போல. அழகுமுத்து மாமாவும் இன்னும் ரெண்டு பேரும் தப்பைத் தீயில் காய்ச்சிக்கொண்டு வந்தாங்க. முதல் அடி விழுந்ததும் லயத்தில் கதவு கதவாகச் சாத்தினாங்க. அத்தை ஏற்கனவே முன்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிட்டாங்க, காலையில் இருந்து என்னோடு பேச்சு இல்லை. பார்க்க ஒருத்தரும் இல்லை.

அப்பா எழும்பினார். படுத்தே கிடந்த மனிதர், மிஸ். தடியை ஊன்றி, ஒரு தரம் ஆடி, நின்றுவிட்டார். நீங்க சொன்ன மாதிரி வலது பக்கம் அரை அடி பின்னால் நான். தப்பு விழ, கால் விழுந்தது. எங்கள் லயத்தில் இருந்து முடக்கு வரை தேயிலைக்கு நடுவில் போகிற பாதை உங்களுக்குத் தெரியும். ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவர் நின்றால் மாமாவும் நின்ற இடத்திலேயே அடித்தார். அழவில்லை. அம்மா முன்னால் போவது போலவே பார்த்துக்கொண்டு நடந்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. "போயிட்டு வாங்கம்மா" என்று வாய்க்குள் சொன்னேன். அன்றைக்கு அம்புலன்ஸில் ஏற்றும்போது அவசரத்தில் சொல்லாமல் விட்டது.

முடக்கு வந்தது. தப்பு நின்றது. மாமா தப்பைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

அங்கேதான் மிஸ் நாம் ரெண்டு பேரும் கோட்டை விட்டோம். நீங்க செருப்பு வரைக்கும் யோசித்தீங்க, நான் கல் வரைக்கும் சரிபண்ணினேன். எழவுக்குப் போகத்தான் மேளம். திரும்பி வர மேளம் இல்லை. அடிக்கவே கூடாது. உங்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரிந்தும் தோன்றவில்லை.

அப்பா நிற்கிறார். திரும்ப வேண்டும், கால் வரவில்லை. நான் கை தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. "திருவிழா அடி அடிக்கவாண்ணே?" என்று மாமா கேட்க, நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த இடத்தில் எப்படி அடிப்பது? அப்பாவோ மயானத்துப் பாதையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தேனே, இவருக்குத் திரும்பி வர மனசே இல்லையோ, அத்தை சொன்னது சரிதானோ என்று நினைத்தேன். தூக்கிக்கொண்டு போகலாம் என்று மாமா கிட்டே வந்தார்.

அப்போது லயத்துப் பக்கம் இருந்து ஒரு சத்தம்.

"டேய் செல்லசாமி! எம்புட்டு நேரம்டா அங்கயே நிப்ப? தண்ணி ஆறுதுடா! எழவுக்குப் போனவன் குளிக்காம வீட்டுக்குள்ள வந்துருவியா? வாடா! சுருக்கா வா!"

தண்ணி விழுகிற பீலிக்கரையில் அத்தை. முன்கதவைச் சாத்தினவங்க, பின்பக்கம் காலையில் இருந்து பெரிய அண்டாவில் தண்ணி காய வைத்திருக்காங்க. எழவு வீட்டுக்குக் காய வைப்பாங்களே, அந்த மாதிரி. தோளில் துண்டு, கையில் செம்பு.

அப்பா திரும்பினார். இடது கால். பிறகு வலது கால், இழுத்துக்கொண்டு. "என்னடா அன்ன நடை? வாடா!" என்று அத்தை விடவே இல்லை. சந்தம் சரியில்லாத திட்டு மிஸ், எந்தத் தாளத்திலும் அடங்காது. அவங்க மூச்சு வாங்க நிறுத்தினபோதும் அப்பா நிற்கவில்லை. தப்பு இல்லை, தட்டு இல்லை, பாட்டு இல்லை. நடந்து வந்தார். நான் பக்கத்தில் சும்மாதான் வந்தேன். ஒவ்வொரு கதவாகத் திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தாங்க.

பீலிக்கரையில் கல்லில் உட்கார வைத்து, அத்தை தலையில் தண்ணி ஊற்றினாங்க. ரெண்டு செம்பு ஊற்றிவிட்டு நிறுத்தி, "அனுப்பிட்டு வந்துட்டியாடா?" என்றாங்க. அப்பா தலையாட்டினார். செம்பைப் போட்டுவிட்டு அத்தை அவரைக் கட்டிக்கொண்டு, "என் தங்கமே, மீனம்மா" என்று அழ ஆரம்பிச்சாங்க. அப்பா அழுதார். நான் ஈரத்திலேயே அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்காக நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான், மிஸ். நாலு வருசம் ஆளுக்கொரு மூலையில் இருந்திருக்கிறோம்.

அழுது முடித்ததும் அப்பா வாயைத் தொட்டுக் காட்டினார். பசிக்குதாம்.

உங்கள்
லோஜினி